அதிமேற்றிராணியார் தோமஸ் கூரேயும் பாடசாலைச் சட்டங்களும்

2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை விட்டு வடக்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருவழியில் நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஆகிய ஊர்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல அமைந்துள்ளன. முஸ்லிம்களும் சைவரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில், கத்தோலிக்கர் தொகையிற் சிறியவரே. எனினும் கல்முனைப் பட்டினத்தில் கார்மேல் பற்றிமாக் கல்லூரி என்னும் பெயருடைய பாடசாலை ஒன்று உண்டு. அதற்கு அணித்தே மெதடிஸ்த சபையார் நிறுவிய உவெஸ்லி உயர்தரக் கல்லூரி உண்டு. காரைதீவிலும் தெற்கே அக்கரைப்பற்றிலும் இராமகிருஷ்ண சங்கத்தின் பெயர் தாங்கிய வித்தியாசாலைகள் உண்டு. பெயர்கள் மூன்று சமயத்தாருக்கு உரியன. பாடசாலைகளோ இன்று அனைத்தும் அரசாங்கத்துக்கு உரியன. பெயரும் உடைமையும் இவ்வாறு வேறுபட்டு நிற்பதற்குக் காரணம் 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய இரு சட்டங்கள் ஆகும். அச்சட்டங்களை எதிர்த்து நின்றவர்களுள் முதல்வர் கொழும்பு அதிமேற்றிராணியாராக விளங்கிய தோமஸ் பெஞ்சமின் கூரே ஆவர். அன்னாருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதும் இவ்வழக்கோடு பிணைந்தே சென்றது.

கூரே 1901ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள் நீர்கொழும்பைச் சேர்ந்த பெரியமுல்லை என்னும் ஊரிற் பிறந்தார். நீர்கொழும்புக் கரை இலங்கைக் கத்தோலிக்கத்தின் நெஞ்சம் போன்றது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு மீனவர் குடிகள் அச்சமயத்தை விடாது பற்றி நின்ற இடம் அது. இளமையிற் குருத்துவத்தை விழைந்த அவர் அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து, உரோமாபுரியிலும் கற்று, 1929ஆம் ஆண்டு யூன் மாதத்திற் குருப்பட்டம் பெற்றார். 1945ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்பு அதிமேற்றிராணியார் மசோன் என்னும் பிரான்சியருக்கு உதவியாகவும் பின்னுரிமையாளராகவும் நியமனம் பெற்றார். 1947 யூலையில் அப்பீடத்துக்கு உரியவராயினார். கொழும்பு அதிமேற்றிராசனத்தில் இலங்கை மைந்தர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஏழு திங்கள் கழித்து, 1948 பெப்ருவரியில், நாடு சுதந்திரம் பெற்றது. அந்நியர் கையிலிருந்து அரசும் திருச்சபையும் ஏறக்குறைய ஒருங்கே சுதேசிகள் கைக்கு வந்தன. வந்த பின்னரே அவ்விரண்டும் மோதின என்பது சிந்திக்கத்தக்கது. அந்நியத் திருச்சபை என்ற பழியைக் கேட்க நேர்ந்தவர் அந்நியரல்லர். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நீர்கொழும்பு மகனே.

அப்பழி எங்ஙனம் எழுந்தது என்பதை அறிதற்குச் சற்றே பின்னோக்குதல் வேண்டும். இலங்கையில் அரசும் சமயமும் பகைத்ததும் கூடியதும் புதிதன்று. போர்த்துக்கேயர் தம் வாளோடு சிலுவையையும் கொணர்ந்தனர். அவர் காலத்திற் கோயில்கள் இடிந்தன. அவரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரதன் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது இக்கரையில் இன்றும் வழங்கும் வரலாறு. பின்வந்த ஒல்லாந்தரோ கத்தோலிக்கரையே ஒடுக்கினர். கோவையிலிருந்து 1687ஆம் ஆண்டு இலங்கைக்கு மறைவாக வந்து, பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நிழலிற் கண்டியில் இருந்துகொண்டு அச்சபையை அழியாது காத்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். ஆகவே கத்தோலிக்கர் தம்மை நெடுங்காலம் துன்புற்ற கூட்டத்தாராகவே நினைத்து வந்தனர். பௌத்தரும் சைவரும் அவரை அதிகாரத்தின் பிள்ளைகளாக நினைத்தனர். இரு நினைவும் பொய்யல்ல.

பாடசாலை வழக்கின் வேர் ஆங்கிலேயர் காலத்தது. 1869ஆம் ஆண்டு பொதுக்கல்விப் பகுதி அமைக்கப்பட்டபோது, சமயச் சங்கங்கள் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசு நன்கொடை வழங்கும் முறை ஒழுங்குபெற்றது. சமயம் கலவாத பொதுப் பாடசாலை கூடாது, ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பிள்ளைகளைத் தத்தம் பாடசாலையிற் பயிற்றுதல் வேண்டும், அதற்கு அரசு பொருள் தருதல் வேண்டும் என்று 1860களில் முனைந்து வாதாடியவர் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பொன்ஜீன் என்னும் பிரான்சியக் குரு. அவரே பின்னர் யாழ்ப்பாண மேற்றிராணியாராகி, 1886இற் கொழும்பின் முதல் அதிமேற்றிராணியாருமானார். கூரே காக்க முயன்ற மாளிகை பொன்ஜீன் எழுப்பியது எனலாம்.

அம்மாளிகையின் அமைப்பு இது: கட்டடமும் நிலமும் சபைக்கு உரியன, ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசின் திறைசேரியிலிருந்து வருவது, ஆசிரியரை நியமித்தலும் மாற்றுதலும் நீக்குதலும் முகாமையாளர் என்னும் மனேச்சர் கையில். கத்தோலிக்கப் பாடசாலைகளில் அம்முகாமையாளர் பெரும்பாலும் ஒரு குருவே. பிறசமயப் பிள்ளையைச் சமய பாடத்தில் இருக்குமாறு வற்புறுத்தலாகாது என்னும் மனச்சாட்சி விதி சட்டத்தில் இருந்தது. ஆசிரியனாக விரும்பும் இளைஞனுக்கு அத்தகைய காப்பு ஒன்றும் இருக்கவில்லை. உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்தனர் என்பது முதியோர் பலரும் சொல்லக்கேட்டது. மேலும், நன்கொடை பெறும் பாடசாலை ஒன்று இருக்குமிடத்துக்குக் குறித்த தூரத்துள் வேறொன்று எழுந்தால் அதற்கு நன்கொடை இல்லை என்ற விதியும் ஒரு காலத்தில் இருந்தது. முந்தியவனுக்கே பந்தி என்றாற்போல, முன்னரே ஊர்தோறும் பாடசாலை அமைத்துவிட்ட மிசனரிமாருக்கு அது வாய்ப்பாயிற்று. பிந்தி எழுந்த பௌத்தருக்கும் சைவருக்கும் இடராயிற்று.

சைவர் இதற்குக் கண்ட மறுமொழி பாடசாலைக்குப் பாடசாலை என்பதே. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை அதன் தொடக்கம். இந்துபோர்ட் இராசரத்தினம் அவர்களின் முயற்சியால் 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் அதன் விரிவு. கீழ்க்கரையில் அப்பணியைத் தலைமேற்கொண்டவர் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர். 1892இற் பிறந்த அவர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், யேசு சபையாரின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தும் பணிபுரிந்தவர். கிறித்தவப் பாடசாலைகளின் நன்மையையும் குறையையும் உள்ளிருந்தே அறிந்த அவர், துறவு பூண்டு மீண்டபின் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைக் கிழக்கிற் பெருக்கினார்; 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். அப்பாடசாலைகளும் அரச நன்கொடையிலேயே நடந்தன. 1947 யூலை 19ஆம் நாள் விபுலாநந்தர் மறைந்தார். கூரே அதிமேற்றிராணியார் பீடம் ஏறியது அதே மாதத்தின் இறுதி நாட்களில்.

பீடத்தோடு ஒரு வழக்கையும் அவர் பெற்றார். கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி அளிக்கும் திட்டத்தை 1945இல் நிறைவேற்றியிருந்தார். கத்தோலிக்கத் தலைவர்கள் அதனை ஐயத்தோடு நோக்கினர். அவர் சார்பிற் கூர்மையாக வாதாடியவர் கொழும்பு அர்ச். யோசேவ் கல்லூரி அதிபராயிருந்த வண. பீற்றர் பிள்ளை என்னும் தமிழ்க் குரு. கணிதப் புலமையும் சமூக நீதியில் ஆர்வமும் உடையவர். கட்டணம் ஒழிந்தாற் பாடசாலை முற்றும் அரசின் கையை எதிர்பார்த்திருக்கும். கையை எதிர்பார்ப்பது ஒருநாள் கைக்குள்ளேயே போய்விடும் என்பது அவர் கட்சியின் அச்சம். பதினைந்து ஆண்டுகளில் அவ்வச்சம் மெய்யாயிற்று என்பது உண்மையே. ஆயினும் ஏழைப் பிள்ளைக்குக் கல்வி இலவசமாக வருங்காலத்து அதனைத் தடுப்பவர் போலத் தோன்றியது திருச்சபைக்கு ஆறாத வடுவாயிற்று. வெல்லத்தக்க நியாயத்தைத் தோற்கத்தக்க இடத்தில் நின்று பேசினர்.

பௌத்தரின் குறை இதற்கிடையில் உருத்திரண்டது. 1956ஆம் ஆண்டு பெப்ருவரியில் அகில இலங்கைப் பௌத்த காங்கிரசின் விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நன்கொடை பெறும் பாடசாலைகள் யாவற்றையும் அரசு ஏற்றல் வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. நாட்டிற் கிறித்தவர் அனைவரும் சேர்ந்தே நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவினர். சிறந்த ஆங்கிலப் பாடசாலைகளும் அவற்றின் வழியே வரும் உத்தியோகங்களும் அவ்வளவில் நில்லாது மிகுந்து அவர் பக்கம் இருந்தன. பொதுமக்களின் வரிப்பணத்தால் நடப்பதை ஒரு சமயத்தார் ஆள்வதேன் என்ற வினாவுக்குப் பொன்ஜீன் காலத்து விடை போதியதாக இல்லை. அவ்வாண்டே பதவிக்கு வந்த பண்டாரநாயக்க பாடசாலைகளைத் தொடவில்லை. சிங்களம் மட்டும் என்னும் சட்டமே அவருக்குப் போதுமான புயலாயிற்று. 1959 செப்டெம்பரில் அவர் கொலையுண்டார். கொன்றவர் ஒரு பௌத்த பிக்குவாயிருக்க, அவருடைய கட்சியின் சமயப் பற்று அதனாற் குன்றவில்லை.

1960 யூலைத் தேர்தலில் அவர் துணைவியார் சிறிமாவோ பண்டாரநாயக்க வெற்றி பெற்று, உலகின் முதற் பெண் பிரதம மந்திரியானார். அவர் கல்வி மந்திரியாகத் தெரிந்துகொண்டவர் பதியுதீன் மஹ்மூத். மாத்தறையிற் பிறந்து, அலிகாரிற் கற்று, கம்பளை சாகிராக் கல்லூரி அதிபராயிருந்த முஸ்லிம் அறிஞர் அவர். செனற் சபை வழியாகப் பாராளுமன்றம் புகுந்தவர். பௌத்தரின் நெடுநாட் கோரிக்கையை நிறைவேற்றும் பொறுப்பு ஒரு முஸ்லிமிடமும், அதை எதிர்க்கும் பொறுப்பு ஒரு சிங்களவரிடமும் வந்து சேர்ந்தன. இலங்கை அரசியலை இனம் என்னும் ஒரே கோலால் அளப்போர் இவ்விடத்தில் இடறுவர்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நன்கொடை பெறும் பாடசாலைகளின் முகாமையை அவ்வாண்டு டிசெம்பர் முதல் வித்தியாதிபதியிடம் ஒப்படைத்தது. முதலாந் தரத்தனவும் இரண்டாந் தரத்தனவுமான பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டது: அரச நன்கொடையை இழந்து தனியார் பாடசாலையாக நிற்கலாம், ஆனால் மாணவரிடம் கட்டணம் வாங்கலாகாது. கையைக் கட்டி நீந்தச் சொன்ன கதையே இது. சிற்றூர்களிலிருந்த சிறு பாடசாலைகளுக்கு அவ்வழியும் இல்லை.

ஒரு சிறுபான்மைச் சமயத்தாருக்கு இங்ஙனம் செய்தல் அரசியற்றிட்டத்துக்கு ஒக்குமா என்னும் வினா இயல்பாகவே எழும். சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமயத்தாருக்கும் பிறருக்கில்லாத பாரத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது. புதிய சட்டமோ எச்சமயத்தின் பெயரையும் கூறவில்லை. பௌத்த, சைவ, முஸ்லிம் பாடசாலைகளையும் அதே வலையில் வாரிற்று. எல்லார்க்கும் ஒக்கும் சட்டத்தின்மேல் 29ஆம் பிரிவு பாயவில்லை. இந்திய அரசியற்றிட்டத்தின் 30ஆம் பிரிவு போலச் சிறுபான்மையினர் தம் கல்விக்கூடங்களைத் தாமே நடத்தும் உரிமையை வெளிப்படையாகக் கூறும் வாசகம் இலங்கையில் இருக்கவில்லை.

இவ்வேறுபாட்டின் பயனை அண்மையிலேயே கேரளம் காட்டியிருந்தது. அங்கே 1957இற் பதவியேற்ற நம்பூதிரிப்பாட்டின் மந்திரிசபை முண்டசேரி கொணர்ந்த கல்வி மசோதாவால் இடர்ப்பட்டது. 1958இல் இந்திய உயர் நீதிமன்றம் அம்மசோதாவின் சில பகுதிகள் 30ஆம் பிரிவுக்கு முரணாவன என்று கருத்துரைத்தது. பின்னர் மேற்றிராணிமாரும், மன்னத்து பத்மநாபனைத் தலைவராகக் கொண்ட நாயர் சங்கத்தாரும் ஒருங்கே தெருவில் இறங்க, 1959 யூலை 31ஆம் நாள் மத்திய அரசு அம்மந்திரிசபையைக் கலைத்தது. கேரள மேற்றிராணிமாருக்குச் சட்டமும் இருந்தது, இந்துக்களுள் வலிய துணையும் இருந்தது, மேலே தில்லியும் இருந்தது. கூரேக்கு இம்மூன்றும் இல்லை. பெரும்பான்மையினரின் வாக்காற் புதிதாக வந்த அரசு எதிரே நின்றது. அதற்குமேல் முறையிடத் தில்லி இல்லை.

அவருக்கு இருந்தது மக்கள். 1960இன் கடைசி நாட்களிலும் 1961இன் முதல் வாரங்களிலும் மேற்குக் கரையிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் நுழைந்து அமர்ந்துகொண்டனர். தாய்மார் பிள்ளைகளோடு வகுப்பறைகளில் இரவும் பகலும் தங்கினர். அரசின் முகாமைக்கு அவற்றை விட்டுக்கொடோம் என்பதே அவர் கூற்று. கிளர்ச்சி வாரக்கணக்கில் நீண்டது. அரசோ சட்டம் நிறைவேறியே தீரும் என்றது. வலுக்கட்டாயமாக வெளியேற்ற முற்பட்டால் இரத்தம் சிந்தும் என்பதை இருதிறத்தாரும் அறிவர். 1958ஆம் ஆண்டின் இனக் கலவரம் நடந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அந்நாட்டில் ஒரு பொறி எங்ஙனம் பரவும் என்பதை எவரும் மறந்திலர்.

1961 சனவரியிற் பம்பாய் அதிமேற்றிராணியார் கருதினால் வலேரியன் கிராசியஸ் கொழும்புக்கு வந்தார். இந்தியாவின் முதற் கருதினாலாகிய அவர் கோவையைப் பூர்வீகமாகக் கொண்டவர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யோசேவ் வாஸ் வந்ததுபோல இக்காலத்தும் ஒரு கோவையர் இலங்கைத் திருச்சபையின் இடுக்கணிற் கடல் கடந்து வந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் வாஸ் மறைந்து வந்தார், கிராசியஸ் பிரதம மந்திரியின் வாயிலுக்கே வந்தார். அவருடைய நடுநிலையால் இருதிறத்தாரும் உரையாடினர். பாடசாலைகளில் அமர்ந்திருந்த பெற்றோர் வெளியேறினர். சட்டம் நின்றது.

இந்தப் பின்வாங்கலை அக்காலத்துக் கத்தோலிக்கர் சிலர் தோல்வி என்றனர். தாம் வாரக்கணக்கிற் காத்த வாயிலைத் தம் மேற்றிராணியாரே திறந்துவிடச் சொன்னார் என்ற மனக்குறை அவர்க்கு இருந்தமை வியப்பன்று. எனினும் பாடசாலை வாயிலில் ஒரு தாயோ பிள்ளையோ இறந்துபட்டிருந்தால், அதன்பின் கத்தோலிக்கர் இந்நாட்டில் எத்தலைமுறையிற் பெரும்பான்மையினரோடு மீண்டும் கூடி வாழ்ந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூரே தம் கொள்கையை விட்டுவிடவில்லை. சட்டம் அநீதியானது என்றே பின்னும் கருதினார். அநீதியான சட்டத்துக்கும் அமைதியாகக் கீழ்ப்படியலாம், கலகத்தால் வரும் கேடு அதனினும் பெரிது என்பதே அவர் தேர்ந்த நிலை. அதனைக் கோழைமை என்பார்க்கு, அவர் கையில் இருந்தது எத்துணை எளிதிற் பற்றியெரியும் பொருள் என்பது தெரியாது.

1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பின்தொடர்ந்தது. முன்னது முகாமையை எடுத்தது. இது நிலத்தையும் கட்டடத்தையும் எடுத்தது. நட்டஈடு இல்லை. அரசின் செய்கையிற் குறைகூறத்தக்க இடம் இதுவே. ஆசிரியர் சம்பளம் அரசுடையது என்பதால் முகாமையைக் கேட்பதில் ஒரு நியாயம் இருந்தது. மீனவனும் கமக்காரனும் காசு காசாகச் சேர்த்துக் கட்டிய கூரைக்கு விலை கொடாமல் எடுப்பதில் அந்நியாயம் இல்லை. நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள் அரசுடைமையாயின. கொழும்பு அர்ச். யோசேவ், அர்ச். பேதுரு, யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் போன்ற பெருங் கல்லூரிகள் தனியார் பாடசாலைகளாக நிற்கத் துணிந்தன. கட்டணம் வாங்க இயலாத அவை பழைய மாணவரின் உதவியாலும், சந்தைகளாலும், களியாட்ட விழாக்களாலும், குருமாரும் கன்னியரும் குறைந்த ஊதியத்துக்குக் கற்பித்ததாலும் உயிர் தாங்கின. பிற்காலத்தில் அரசே அவற்றின் ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுக்கும் நிலை வந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மை உண்டு. காக்கப்பட்டவை நகரத்துப் பெருங் கல்லூரிகள். கைவிடப்பட்டவை கோயிற்பற்றுகளின் சிறு பாடசாலைகள். ஏழைக் கத்தோலிக்கப் பெற்றோரே வகுப்பறைகளில் இரவு கழித்தவர். அவர் பிள்ளைகளின் பாடசாலைகளே போயின. இது கூரேயின் விருப்பமன்று, சட்டம் விட்ட வழி அவ்வளவே. எனினும் திருச்சபை தன் ஆற்றலை எங்கே செலவிட்டது என்பதற்கு அது ஒரு சான்று.

சைவப் பாடசாலைகளின் கதை வேறு. யாழ்ப்பாணத்திற் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும், கிழக்கில் விபுலாநந்தர் வளர்த்த இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளும் இதே சட்டத்தாற் சென்றன. கேட்போர் இல்லை. வகுப்பறைகளில் எவரும் இரவு தங்கவில்லை. பிறநாட்டுப் பெரியார் எவரும் வரவில்லை. சைவருக்கு மேற்றிராணியார் இல்லை என்பது ஒரு காரணம். நாவலர் முதலாகச் சைவர் தம் பாடசாலைகளை மிசனரிமாருக்கு எதிராகவே அமைத்தனர்; மிசனரிமாரின் பாடசாலைகள் போவதைக் கண்டபோது தமது இழப்பு சிறிதாகத் தோன்றியிருத்தல் கூடும் என்பது மற்றொன்று. மகன் செத்தாலும் மருமகள் தாலியறட்டும் என்ற பழமொழியை இங்கே நினைவுகூர்தல் கடுமையே, ஆயினும் பொருத்தமற்றதன்று. முகாமையாளரின் விருப்பத்துக்கு அஞ்சியிருந்த ஆசிரியர் பலர், சைவரும் கிறித்தவருமாக, அரச உத்தியோகத்தரானதில் மகிழ்ந்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊர்களுக்கு அக்காலம் ஆக்கத்தையே தந்தது. நன்கொடை பெறும் முஸ்லிம் பாடசாலைகள் முன்னரும் மிகச் சிலவே. ஆகவே இழக்க அதிகம் இருக்கவில்லை. அரசாங்க முஸ்லிம் பாடசாலைகள் என்னும் தனி வகுப்பு வலுப்பெற்று, முஸ்லிம் அதிபர்களின் கீழ்த் தமிழ்மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகள் பெருகின. நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் அட்டாளைச்சேனையிலும் ஆசிரியத் தொழிலிற் புகுந்த தலைமுறைக்குப் பதியுதீன் மஹ்மூத்தின் பெயர் இனியதாயிருந்தது. அவர் 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் மட்டக்களப்பிலே போட்டியிட்டமைக்கும் இது ஒரு பின்னணி, ஆயினும் வென்றாரில்லை. ஒரே சட்டம் நீர்கொழும்பில் அழுகையாகவும், நல்லூரில் மௌனமாகவும், நிந்தவூரில் நம்பிக்கையாகவும் இறங்கிற்று.

பாடசாலை வழக்கு அடங்கியபின்னும் கூரேக்கு ஓய்வில்லை. 1962 சனவரியில் இராணுவத்தினரும் பொலிசாருமான அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்து பிடிபட்டனர். அவருட் பெரும்பாலோர் கிறித்தவர். திருச்சபைக்கு அதிற் பங்கு இருந்ததாக நிறுவப்படவில்லை; எனினும் ஐயம் என்னும் நிழல் அதன்மேல் விழுந்தது. அரசாங்க வைத்தியசாலைகளிற் பல்லாண்டு பணிபுரிந்த கன்னியாஸ்திரீகள் அக்காலத்திலேயே விலக்கப்பட்டனர். இச்சூழலில் அதிமேற்றிராணியார் மேற்கொண்டது பேச்சைக் குறைத்துப் பணியைப் பெருக்கும் வழி. 1962 முதல் 1965 வரை உரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அவர் பங்குகொண்டார். பிற சமயங்களை மதித்தலும், வழிபாட்டை மக்கள் மொழியில் நடத்தலும் அச்சங்கத்தின் முடிவுகள். அந்நிய சபை என்னும் பழிக்கு நீதிமன்றமோ பாராளுமன்றமோ தராத மறுமொழியைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒலித்த பூசை தந்தது.

1965 பெப்ருவரி 22ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைக் கருதினால் பதவிக்கு உயர்த்தினார். இலங்கையர் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதன்முறை. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் டட்லி சேனநாயக்க பதவிக்கு வந்தார். கத்தோலிக்கர் அவரை விரும்பினர். பாடசாலைகள் மீளும் என்று எதிர்பார்த்தனர். பாடசாலைகள் மீளவில்லை. அதற்கு மாறாக, 1966 சனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினங்களே வார விடுமுறையாயின. கத்தோலிக்கர் வேலை நாளில் ஞாயிறு பூசைக்குப் போகவேண்டியவராயினர். தமக்கு உகந்த அரசு என்று எண்ணியதன் கையால் இது வந்தது. ஐந்து ஆண்டுகளின் பின், 1971இல், அம்முறை கைவிடப்பட்டது. கைவிட்டது சிறிமாவோவின் அரசு. அந்த அம்மையாரின் ஆட்சியிலேயே 1970 டிசெம்பர் 4ஆம் நாள் ஆறாம் சின்னப்பர் இலங்கைக்கு வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற பிரதம மந்திரியும் கருதினாலும் ஒரே விருந்தினரை வரவேற்றனர். 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியற்றிட்டம் பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கிற்று. 29ஆம் பிரிவு அதனோடு மறைந்தது. அப்போது கத்தோலிக்கர் தெருவில் இறங்கவில்லை.

கூரேயின் உள்ளத்துக்கு நெருங்கியது பாடசாலை வழக்கன்று. றாகமையை அடுத்த தேவத்தையில் எழுந்த இலங்கை மாதா பேராலயமே என்று அவரை அறிந்தோர் கருதுவர். இரண்டாம் உலகப் போரின்போது நாடு அழிவினின்று காக்கப்படின் ஆலயம் ஒன்று எடுப்பதாக அதிமேற்றிராணியார் மசோன் நேர்ந்திருந்தார். அந்நேர்த்தியை நிறைவேற்றும் கடன் கூரேயின் மேல் வந்தது. பாடசாலைகளை இழந்த ஆண்டுகளிலும் அக்கட்டடப் பணியை அவர் விடாது நடத்தி, 1974இல் அபிடேகம் செய்வித்தார். 1976 செப்டெம்பரில் அதிமேற்றிராசனத்தை விட்டு ஓய்வு பெற்றார். 1978ஆம் ஆண்டு ஒரே வருடத்தில் இருமுறை பாப்பரசரைத் தெரிய நேர்ந்தபோது உரோமாபுரி சென்று இருமுறையும் வாக்களித்தார். 1988 ஒக்டோபர் 29ஆம் நாள், எண்பத்தாறு வயது நிரம்பி எண்பத்தேழை அணுகிய நிலையிற் காலமானார். தேவத்தைப் பேராலயத்தின் அடித்தளத்து அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.